அம்மாவை எந்த ஜீபியில் பதிவது?

அம்மா ஆறு வருடம் லண்டன் ஈஸ்ட்ஹாமில் அண்ணா வீட்டில் இருந்தார். போன மாரிக்கு முன்னர் ஹரோவில் எங்களோடு வந்து சேர்ந்தார். கட்டில் போட்டாயிற்று, சாமிப்படம் வைத்தாயிற்று, குளியலறையில் கைபிடியும் பூட்டியாயிற்று. ஜீபியை, அதாவது குடும்ப டொக்டரை, மாற்றுகிற வேலை மட்டும் மூன்று மாதம் இழுபட்டது. ஈஸ்ட்ஹாமில் அவரைப் பார்த்த டொக்டர் தமிழர். அம்மா தன் வருத்தத்தைத் தன் சொல்லிலேயே சொல்லக்கூடிய ஒரே இடம் அந்த அறைதான். அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

அவருக்கு இப்போது 74 வயது. பதினேழு வருடமாகச் சீனி வருத்தம், அதோடு பிறஷர், நாரி நோ, முழங்கால் நோ. மாதத்துக்கு ஒரு தடவையாவது யாரையாவது பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே இது ஒரு படிவம் நிரப்பி முடிக்கிற காரியமாக எனக்குப் படவில்லை. மூன்று வழிகள் இருந்தன. ஈஸ்ட்ஹாம் டொக்டரிடமே தொடர்ந்து வைத்திருக்கலாம். அல்லது எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிற பெரிய ஹெல்த் சென்டரில் பதியலாம். அல்லது அதற்கு எதிர்ப்பக்கம் இரண்டு டொக்டர்கள் மட்டும் நடத்துகிற சின்ன சேர்ஜரியில், அதாவது ஜீபி கிளினிக்கில், சேர்க்கலாம். அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. வயதுபோன பெற்றோரை வைத்திருக்கிற பலருக்கு இதே குழப்பம் இருக்கும் என்பதால், நான் யோசித்த விதத்தை அப்படியே எழுதுகிறேன்.

தெரிவு செய்வதற்கு முதலில் உரிமை என்னவென்று தெரிய வேண்டும். இங்கிலாந்தில் ஜீபியில் பதிவதற்கு வீட்டு விலாச ஆதாரமோ பாஸ்போர்ட்டோ விசாவோ கட்டாயமில்லை. கேட்பார்கள், இருந்தால் கொடுக்கலாம். இல்லை என்பதைக் காரணம் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. மறுப்பதானால் 14 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். புதிதாக ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்தி வைத்திருக்கிறோம், அல்லது நீங்கள் எங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள் என்று சொன்னால் அது ஏற்கக்கூடிய காரணம். ஜீபியைப் பார்ப்பதற்குக் காசு இல்லை. விசா நிலை எதுவாக இருந்தாலும் இல்லை. எங்கள் ஆட்கள் பலர் இதைத் தெரியாமல் ஊரிலிருந்து வந்த தாய் தகப்பனை ஆறு மாதமும் பனடோலோடு வைத்திருந்து அனுப்புகிறார்கள். மூன்று மாதத்துக்குக் குறைவாக நிற்பவர்களைத் தற்காலிகமாகவும் பதியலாம். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தால் வருகிற பில் வேறு கதை, ஆனால் ஜீபி வாசல் அவர்களுக்கும் திறந்ததுதான்.

தூரத்துத் தமிழ் டொக்டர்

2015 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் ஒரு ஜீபி, தான் விரும்பினால், தன் எல்லைக்கு வெளியே வசிப்பவரையும் பதிந்து வைத்துக்கொள்ளலாம். ஈஸ்ட்ஹாம் சேர்ஜரியும் சம்மதித்தது. அம்மா சந்தோசப்பட்டார், நானும்தான்.

மொழி எவ்வளவு பெரிய விசயம் என்பதை ஆங்கிலத்தில் சமாளிக்கத் தெரிந்தவர்கள் சுலபமாக மறந்துவிடுகிறோம். "கால் விறைக்குது" என்று அம்மா சொன்னால் தமிழ் டொக்டருக்கு உடனே சீனி நரம்பைத் தாக்குகிறதோ என்ற எண்ணம் வரும். "உளையுது" என்றால் ஒன்று, "குத்துது" என்றால் இன்னொன்று, "எரியுது" என்றால் வேறொன்று. நான் மொழிபெயர்த்தால் எல்லாமே "பெயின்" ஆகிவிடுகிறது. அவசரத்தில் எனக்கு அந்தச் சொல்தான் வாயில் வரும்.

ஒரு தடவை அண்ணா வெளியூரில் நின்றபோது, வேறொரு இடத்தில் அம்மாவைக் காட்ட வேண்டி வந்தது. மொழிபெயர்க்க ஆள் இல்லையென்று என் பன்னிரண்டு வயது மகனைப் பக்கத்தில் இருத்தினார்கள். நானும் வேலையில் இருந்ததால் ஓம் என்றுவிட்டேன். அம்மா முழங்கால் நோவைச் சொன்னார், தலைச்சுற்றைச் சொன்னார். சிரிக்கும்போதும் இருமும்போதும் சலம் கசிவதை மட்டும் பேரப்பிள்ளையின் வாயால் சொல்ல அவருக்கு முடியவில்லை. எட்டு மாதம் கழித்து, தற்செயலாகத்தான் எனக்குத் தெரிய வந்தது. எட்டு மாதம் அவர் கோயிலுக்குப் போவதை விட்டிருந்தார். குளிர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

அப்போதுதான் தேடி அறிந்தேன். மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வது சேர்ஜரியின் பொறுப்பு. அதற்கு நோயாளி ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. குடும்பத்தவர் மொழிபெயர்ப்பதையும் இங்கிலாந்து அரச சுகாதார சேவையின் வழிகாட்டல் விரும்பவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்ததுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இரட்டை நேரம் வேண்டும்" என்று சொல்ல வேண்டும். வழமையான பத்து நிமிடம் இரண்டு மொழியில் பேசப் போதாது. பெரும்பாலும் போனில்தான் மொழிபெயர்ப்பாளர் வருவார். நேருக்கு நேர் தமிழ் பேசுவதற்கு அது ஈடாகாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மகள் இல்லாத அறையில், முகம் தெரியாத ஒருவரிடம், அம்மா சொல்லத் துணிகிற விசயங்கள் இருக்கின்றன.

ஈஸ்ட்ஹாம் வழியில் என்னைத் தடுத்தது வேறு விதி. எல்லைக்கு வெளியே இருப்பவரைப் பதிகிற ஜீபிக்கு, வீடு தேடி வந்து பார்க்கும் கடமை இல்லை. இதைப் படித்தபோது எனக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. அம்மாவால் நடக்க முடிகிற மட்டும் அந்த டொக்டர் இருப்பார். பேக்கர் ஸ்ட்ரீட்டில் ரயில் மாறி ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்ய முடிகிற மட்டும் இருப்பார். இடுப்பு முறிந்தோ காய்ச்சலில் விழுந்தோ எழும்ப முடியாத நாளில், 111 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு அடித்து அவர்கள் அனுப்புகிற, அம்மாவை முன்பின் கண்டிராத ஒருவர்தான் வருவார். தமிழ் டொக்டர் மிகத் தேவைப்படுகிற நாளில் அவர் இல்லை.

உங்கள் பகுதியின் எல்லைக்குள்ளேயே தமிழ் பேசும் டொக்டர் இருந்தால் நான் சொன்ன எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம், அங்கேயே பதியுங்கள். ஈஸ்ட்ஹாம், வெம்ப்ளி, டூட்டிங் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கலாம். ஒன்றை மட்டும் கேட்டு வையுங்கள்: அந்த டொக்டர் கிழமைக்கு எத்தனை நாள் வருகிறார், ஓய்வு பெறப் போகிறாரா என்று.

பெரியதா, சின்னதா

வீட்டுக்குக் கிட்ட இருக்கிற இரண்டில் எது என்பதுதான் பிறகு கேள்வி. முதலில் என் மனம் முழுக்கப் பெரிய ஹெல்த் சென்டரில் இருந்தது. புதுக் கட்டடம், லிப்ட், கீழே பார்மசி. நேர்ஸ்மார், மருந்துகளைச் சரிபார்க்கிற பார்மசிஸ்ட், நாரி நோவுக்குப் பிசியோ, தனிமையில் வாடுகிறவர்களை ஊர்ச் சங்கங்களோடு இணைத்துவிடுகிற ஒருவர், பின்னேரத்திலும் சனிக்கிழமையிலும் அப்பொயின்ட்மென்ட். சின்ன சேர்ஜரி ஒரு வீட்டை மாற்றிக் கட்டியது. இருக்கைகள் பழையவை.

ஆனால் இந்த வசதிகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டுப் பார்த்தபோது படம் மாறியது. 2019இலிருந்து பக்கத்துப் பக்கத்து சேர்ஜரிகள் ஒன்றாகச் சேர்ந்து வலையமைப்பாக இயங்குகின்றன. அனேகமாக 30,000 முதல் 50,000 பேருக்கு ஒரு வலையமைப்பு. பிசியோ, பார்மசிஸ்ட் போன்றவர்களை அதற்கூடாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். கிழமை நாட்களில் மாலை ஆறரையிலிருந்து எட்டு வரையும் சனிக்கிழமை ஒன்பதிலிருந்து ஐந்து வரையும் கிடைக்கிற மேலதிக நேரத்தையும் 2022 ஒக்டோபரிலிருந்து வலையமைப்புத்தான் தருகிறது. சின்ன சேர்ஜரியில் பதிந்தவரும் அதே பிசியோவிடம்தான் போவார், வேறு கட்டடத்துக்கு நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வசதிப் பட்டியலை வைத்துப் பெரியதைத் தெரிவு செய்பவர்கள் இதை ஒரு தடவை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்படியானால் மிஞ்சுகிற வித்தியாசம் என்ன? ஒவ்வொரு தடவையும் ஒரே முகத்தைப் பார்க்க முடியுமா என்பது. எனக்கு இதுவே எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிந்தது, அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2018இல் பிஎம்ஜே ஓப்பன் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, ஒன்பது நாடுகளில் நடந்த 22 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 18, ஒரே டொக்டரைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடையே இறப்பு குறைவாக இருப்பதைக் கண்டன. நோர்வேயில் சுமார் 45 இலட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். 15 வருடத்துக்கு மேல் ஒரே ஜீபியோடு இருந்தவர்களுக்கு, ஒரு வருடம் மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், இறக்கும் வாய்ப்பு 25 வீதமும் அவசரமாக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு 28 வீதமும் குறைவாக இருந்தன. இது ஈஸ்ட்ஹாம் டொக்டருக்குச் சார்பான வாதம்தானே என்று அண்ணா கேட்டார். ஆறு வருடப் பழக்கம், உண்மைதான். ஆனால் இனி வரப்போகிற பத்து வருடத்துக்கு யார் தொடர்ந்து இருப்பார், யார் வீட்டுக்கு வருவார் என்றுதான் நான் பார்த்தேன்.

2025 செப்டம்பரில் இங்கே 'ஜெஸ் விதி' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஒருவர் ஒரே முறைப்பாட்டோடு மூன்று தடவை வந்தும் காரணம் பிடிபடவில்லை, அல்லது நிலைமை மோசமாகிறது என்றால், டொக்டர் முதலிலிருந்து மறுபடி யோசிக்க வேண்டும். பல தடவை டொக்டரிடம் போயும் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படாமல் 27 வயதில் இறந்த ஜெஸிக்கா பிரேடியின் பெயரில் வந்தது அது. நல்ல விதி. மூன்று தடவையும் மூன்று பேரைப் பார்த்தால் மூன்று என்று எண்ணுகிறவர் யார் என்பதுதான் என் கவலை. கணினியில் பதிவு இருக்கும். அம்மா போன மாதத்தைவிட மெலிந்திருக்கிறார் என்பதைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

பெரிய இடத்தில் ஒரே டொக்டரைப் பார்க்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஒவ்வொருவருக்கும் பொறுப்பான ஜீபி ஒருவர் பெயரளவிலாவது இருப்பார். அவர் யார் என்று கேட்டு, "அவசரமில்லை, அவரைப் பார்க்க இரண்டு கிழமை காத்திருக்கிறேன்" என்று சொன்னால் பல இடங்களில் ஒழுங்கு செய்வார்கள். நானும் என் கணவரும் பெரிய ஹெல்த் சென்டரில்தான் இருக்கிறோம், மாறும் எண்ணமும் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை தடிமனோ தோல் கடியோ வருகிற எங்களுக்குக் கெதியாக யாராவது ஒருவர் பார்த்தால் போதும். ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே ஜீபியில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

காசு கட்டிப் பார்க்கிற தனியார் டொக்டரைப் பற்றியும் சிலர் சொன்னார்கள். ஒரு அவசரத்துக்குச் சரி. நெடுநாள் வருத்தத்துக்குச் சரிவராது: மருந்துக்கு முழு விலை, பதிவுகளும் ஜீபியிடம் தானாகப் போய்ச் சேராது.

போய்ப் பார்த்தபோது

சேர்ஜரிகளைச் சோதிக்கிற அமைப்பான சீக்யூசி ஒவ்வொன்றுக்கும் தரம் கொடுத்திருக்கும். வருடாவருடம் நோயாளிகளிடம் நடத்துகிற கணக்கெடுப்பின் முடிவையும் சேர்ஜரி பெயரைப் போட்டுப் பார்க்கலாம். அதில் நான் தேடியது ஒரே ஒரு வரியைத்தான்: விரும்பிய டொக்டரைப் பார்க்க முடிந்தது என்று எத்தனை வீதம் பேர் சொல்கிறார்கள். நட்சத்திரம் போட்டுத் திட்டி எழுதுகிற விமர்சனங்களை விட்டுவிட்டேன். அவற்றில் பாதி, அன்ரிபயோடிக் தரவில்லை என்ற கோபம்.

பிறகு இரண்டு இடத்துக்கும் நேரில் போய், வரவேற்பு மேசையில் இருந்தவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதை அம்மாவின் பதிவில் நிரந்தரமாகக் குறித்து வைப்பீர்களா? ஒரே டொக்டர் வேண்டுமென்றால் எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்? வெளியில் போக முடியாத நிலை வந்தால் வீட்டுக்கு வருவது யார்? சீனி வருத்தத்துக்கான வருடாந்தப் பரிசோதனையை நீங்களே கூப்பிட்டுச் செய்வீர்களா, நாங்கள் ஞாபகப்படுத்த வேண்டுமா? பெரிய இடத்தில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு ஆளைக் கேட்க வேண்டியிருந்தது. சின்ன இடத்தில் இருந்த பெண்மணி டொக்டரின் நாட்களை விரல்விட்டுச் சொன்னார்.

வரவேற்பில் "என்ன வருத்தம்?" என்று கேட்பது எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காத விசயம். நாட்டாமை என்று நினைக்கிறோம். நேர்ஸா பார்மசிஸ்ட்டா டொக்டரா, இன்றைக்கா அடுத்த கிழமையா என்று பிரித்து அனுப்பத்தான் கேட்கிறார்கள். டொக்டரைப் போலவே அவர்களும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். சொல்ல விருப்பமில்லையென்றால் "தனிப்பட்ட விசயம்" என்று சொன்னால் போதும்.

காலை எட்டு மணிக்குப் போனில் வரிசை நிற்பதும் முன்னர் போல் ஒரே வழியாக இல்லை. 2025 ஒக்டோபர் 1 முதல், இங்கிலாந்து ஜீபிகள் கிழமை நாட்களில் காலை எட்டிலிருந்து மாலை ஆறரை வரை இணையப் படிவத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அம்மா எழுதமாட்டார், நான் எழுதுவேன். அதற்கு அவர் சம்மதத்தோடு சேர்ஜரியில் ஒரு படிவம் கொடுத்தால், அவருடைய இணையக் கணக்கை அவர் சார்பில் நான் பார்க்க அனுமதி தருவார்கள். மாத மருந்துக்குச் சொல்வது, இரத்தப் பரிசோதனை முடிவு பார்ப்பது எல்லாம் இப்போது என் போனில். முதலில் அம்மாவிடம் கேளுங்கள். எல்லாவற்றையும் பிள்ளை பார்ப்பது எல்லாத் தாய்மாருக்கும் விருப்பமாக இருக்காது.

எங்கே பதிந்தாலும்

சில விசயங்களுக்கு எந்த ஜீபி என்பது பொருட்டில்லை. 2024 ஜனவரி 31இலிருந்து இங்கிலாந்துப் பார்மசிகள் ஏழு வருத்தங்களுக்குத் தாங்களே பார்த்து, தேவையானால் அன்ரிபயோடிக்கும் தருகின்றன: தொண்டை நோ, பிள்ளைகளின் காது நோ, சைனஸ், பூச்சிக்கடி புண்ணாதல், சின்னம்மை வைரஸால் பெரியவர்களுக்கு வரும் அக்கி, தோலில் பரவும் இம்பெட்டைகோ, 16 முதல் 64 வயதுப் பெண்களின் சலத்தொற்று. அம்மாவுக்கு வயது கடந்துவிட்டதால் சலத்தொற்றுக்கு ஜீபிதான். நெஞ்சு நோ, முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், மூச்சு எடுக்க முடியாமை என்றால் யாரையும் யோசிக்காமல் 999.

மருந்துக் காசைப் பற்றி ஒரு சொல், ஏனென்றால் இதில் எங்கள் ஆட்கள் வீணாகக் கட்டுகிறார்கள். 2024 மேயிலிருந்து ஒரு மருந்துக்கு 9.90 பவுண். 60 வயதானால் இலவசம். வயது குறைவாக இருந்தாலும், சீனிக்கு மருந்து எடுப்பவர்களும் தைரொயிட் சுரப்பு குறைந்து குளிசை எடுப்பவர்களும் ஜீபியிடம் படிவம் வாங்கி விலக்குச் சான்றிதழ் எடுத்தால், எந்த மருந்துக்கும் காசு இல்லை. அதன் காலம் ஐந்து வருடம். முடிந்தது தெரியாமல் இலவசமென்று கையெழுத்து வைத்தால் தண்டம் வரும். என் சிநேகிதி ஒருவர் தைரொயிட் குளிசைக்கு ஒன்பது வருடம் காசு கட்டியிருக்கிறார்.

ஊரிலிருந்து வருகிற மருந்துப் பையையும் புது ஜீபியிடம் ஒரு தடவை கொட்டிக் காட்டுங்கள். அம்மாவின் பையில் நாரி நோவுக்கு டைக்குளோபெனாக் இருந்தது. இங்கே அந்தக் குளிசையை டொக்டரின் துண்டு இல்லாமல் விற்பதை, இதயத்துக்கு ஆபத்து என்று 2015 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். பிறஷர் குளிசையும் சீனியும் உள்ளவருக்கு அது சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். ஈஸ்ட்ஹாம் டொக்டருக்கு அது தெரியாது. தமிழில் கேட்டிருந்தால் அம்மா சொல்லியிருப்பார், ஆனால் யாரும் கேட்கவில்லை.

ஒரு நிலைமையில் மட்டும் என் முடிவு வேறாக இருந்திருக்கும். அம்மாவின் வருத்தம் மனதில் இருந்திருந்தால், நித்திரை இல்லை, பழைய இழப்புகள் திரும்பி வருகின்றன என்று இருந்திருந்தால், தூரத்துத் தமிழ் டொக்டரையே வைத்திருந்திருப்பேன். அழுதுகொண்டு சொல்கிறதை மூன்றாமவர் ஒருவர் வசனம் வசனமாக ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லும்போது அழுகையும் நின்றுவிடும், பேச்சும் நின்றுவிடும்.

சின்ன சேர்ஜரியில்தான் பதிந்தோம். முதல் மாதமே நேர்ஸ் வருடாந்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார். நான் வெளியில் இருக்கட்டுமா என்று கேட்டேன். இன்றைக்கு இரு என்றார் அம்மா. மேசையில் ஸ்பீக்கரில் மொழிபெயர்ப்பாளர், குரலில் மட்டக்களப்புச் சாயல். நேர்ஸ் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலோன் நூலால் பாதத்தை ஒவ்வொரு இடமாகத் தொட்டார். தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். பெருவிரல், ஓம். நடுப்பாதம், ஓம். சின்னவிரலுக்குக் கீழே நூல் வளைந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் தொட்டார்.

"தொட்டவவோ?" என்று கேட்டார் அம்மா. மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல, நேர்ஸ் கணினிப் பக்கம் திரும்பி எழுதினார்.